சௌந்திரம் வாசித்த மூன்றாம் பாகம்

எங்கள் கொலுசுப் பட்டறையில் மின்விசிறி ஓடாது. காற்று வந்தால் பற்றவைக்கிற தீ அலையும், அலைந்தால் கண்ணி உருகிப் போகும். சேலத்துச் சித்திரையிலும் ஐந்து பெண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்து, சாமணத்தின் நுனியால் வெள்ளிக் கண்ணிகளை எடுத்து ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை. காது சும்மா கிடக்கும். அந்தக் காதுகளை ஒன்பது வருடம் பிடித்து வைத்திருந்தவர் சௌந்திரம் அக்கா. வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கோர்த்த கொலுசை எடை போட்டு வாங்குவது என் வேலை. என் மேசை அவர்களுக்கு எதிரில் இருந்தது.

சௌந்திரம் அக்காவுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு இருந்தார். ஃபேன்டசி நாவல்கள்தான் படிப்பார், அதிலும் புதிதாக வந்தவை மட்டும். "பழசு வேண்டாமுங்க தம்பி. ஊரே படிச்சு முடிச்ச கதையில நாம போயி என்ன பாக்கறது? கல்யாண ஊட்டுல கடைசிப் பந்தியாட்டம்" என்பார். எந்தப் பதிப்பகம் எந்த மாதம் என்ன கொண்டுவருகிறது என்று அவருக்குத் தெரியும். அட்டைப்படம் வெளியிட்ட அன்றே அதைத் தன் அலைபேசியின் முகப்பில் வைத்துக்கொள்வார். முன்பதிவு செய்துவிட்டு, கூரியர்காரருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் போடுவார். ஒருமுறை அந்த ஆள், "அக்கா, உங்களுக்கு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து ஆள் வந்தாக்கூட இத்தன தடவ கேக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டார். பட்டறை முழுக்கச் சிரித்தது. சௌந்திரம் அக்காவும் சிரித்தார்.

பொட்டலம் வந்ததும் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார். கம்பி வெட்டும் கத்திரியால் ஓரத்தைக் கிழிப்பார். புத்தகத்தை முகர்ந்து பார்ப்பார். காலண்டர் தாளில் அட்டை போடுவார். அதற்கு மேல் ஒரு வரி படிக்க மாட்டார். மதியம் மூன்று மணிக்கு, எல்லோர் முன்னாலும்தான் முதல் பக்கம் திறக்கும். அவர் வைத்த சட்டம் அது. யாரும் முன்னால் போய்ப் படித்துவிடக் கூடாது, அவர் உட்பட. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் கோர்க்க வேண்டியதை மற்ற நால்வரும் சேர்ந்து கோர்த்து அவர் தட்டில் போட்டுவிடுவார்கள். முதலாளிக்கும் அது தெரியும். வாசிக்கிற நாட்களில் யாரும் சீக்கிரம் எழுந்து போவதில்லை என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை.

குரல் மாற்றி மாற்றி வாசிப்பார். அரசிக்கு ஒன்று, சூனியக்காரனுக்கு ஒன்று. சாலம்மாள் என்று அறுபது வயது அம்மா ஒருவர் உண்டு. அவர் எதையும் அப்படியே நம்பிவிட மாட்டார்.

"எருமைக்கு ரெக்கை மொளைச்சுப் பறந்துச்சா?"

"ஆமாங்க. காட்டெருமை."

"எருமப்பட்டிக்காரன் எவனோ எழுதியிருக்கறான்."

அவர்களில் மிக ஆழ்ந்து கேட்பவர் பொன்னாயி. நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஏதாவது ஒரு ராஜ்ஜியம் தீப்பிடித்தால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். என்னிடம் சௌந்திரம் அக்கா கேலி செய்வதுண்டு: "நீங்க படிக்கற கவிதையில பாதிப் பக்கம் வெறுங் காயிதமா கெடக்குதுங்க தம்பி. நாங்க இப்பிடி எடையக் கொறச்சுக் குடுத்தா விடுவீங்களா?" பொன்னாயி உடனே, "அந்தப் பையன விடு. நீ கதைய எடு" என்பார்.

சௌந்திரம் அக்காவுக்கும் பொன்னாயிக்கும் நடுவில் ஒரு பழைய விஷயம் இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் பொன்னாயியின் தம்பி மாதையனுக்குச் சௌந்திரத்தைப் பெண் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று. கடைசியாக அம்மன் கோயிலில் பூ வாக்கு கேட்டார்கள். அது அவர்கள் வழக்கம். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு எடுத்தது பொன்னாயியின் மூன்று வயது மகள் தனப்பிரியா. சிவப்பு வந்தது.

"எம்பட புள்ள மிட்டாயின்னு நெனச்சுத்தான் எடுத்துச்சு" என்று பொன்னாயி பல தடவை சொல்லியிருக்கிறார். "உள்ள பூவு இருக்கவும் ஒரே அழுகை. எந்தம்பி தஞ் சட்டைப் பொத்தானப் பிச்சு அது கையில குடுத்தான். அவனுக்கு அன்னைக்கே கண்ணு கலங்கிருச்சு. வெளிய காட்டிக்கல."

சாமி வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை என்ற பேச்சு சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. இந்தப் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பதே பாடு. கேட்ட இடத்திலெல்லாம், "ஏற்கனவே ஒருக்கா செவப்பு வந்துருச்சாமே" என்றார்கள். மாதையன் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் ஏறி வடக்கே போனார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். இப்போது நாற்பத்து நான்கு வயது. சௌந்திரத்துக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் அமையவில்லை. "சாமி எந்தம்பிக்கும் உனக்கும் ஒன்னாத்தான் கதவச் சாத்திருச்சு" என்று பொன்னாயி அவர் தட்டில் கூடுதலாக இரண்டு கொலுசு போடுவார்.

அன்று அந்த இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே இருந்தது என்பது உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். சௌந்திரம் அக்கா ஒருவர். நான் ஒருவன். மூன்றாவது, ஒரு எழுத்தாளர்.

'வெண்கல ஆறு' என்று ஒரு நாவல் வரிசை. முதல் பாகத்திலேயே பட்டறை அதில் கிறங்கிவிட்டது. இரண்டாம் பாகம் இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. அதில் ஒரு கோயிலில் குறி கேட்கிற கட்டம் வரும். கடைசிப் பக்கத்தில், வாசகர்கள் தங்கள் ஊர் வழக்கங்களை எழுதி அனுப்பலாம் என்று எழுத்தாளர் கேட்டிருந்தார். சௌந்திரம் அக்கா நான்கு பக்கம் கையால் எழுதிக் கொண்டுவந்து, "இத மின்னஞ்சல்ல போடோணுமுங்க தம்பி" என்றார். தட்டச்சு செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பொட்டலம் கட்டுவது பெண் வீட்டார் வேலை. அத்தை அவரைக் கொல்லையில் பூப் பறித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது பி.ஏ. கடைசி வருடம், பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. கல்யாணம் முடிந்தால் எழுத விட மாட்டார்கள் என்று பயம். இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டிவிட்டார். அந்தப் பரீட்சையில் இரண்டு தாள் போயிற்று. திரும்ப எழுதவில்லை. 'இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கதையைப் படித்த பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது' என்று முடித்திருந்தார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'உங்கள் ரகசியம் என்னிடம் பத்திரமாக இருக்கும்.' அதைப் படித்துவிட்டு அவர் ஒரு வாரம் வேறு மாதிரி இருந்தார். இலேசாக. பொன்னாயிக்குத் தன் டிபனிலிருந்து பாதி எடுத்து வைத்தார்.

இந்தப் புரட்டாசியில் மூன்றாம் பாகம் வந்தது. மூன்று மணிக்குத் திறந்தார். முதல் அத்தியாயத்துக்கு முன்னால் நன்றிப் பக்கம். வாசித்துக்கொண்டே போனவர் நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"என்னுங்கக்கா?" என்றாள் தீபிகா. பட்டறையில் சின்னப் பெண் அவள்தான்.

"எம்பேரு போட்டிருக்குது."

'ஒரு பொக்கிஷத்தைத் தந்த சேலத்து வாசகி சௌந்திரத்துக்கு' என்று இருந்தது. அதை நான்கு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பொன்னாயி புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டித் தடவிப் பார்த்தார். "என்ன பொக்கிசம் குடுத்த?" என்று சாலம்மாள் கேட்டார். "எத்தன காயிதம் எழுதுனேன், நல்லா இருக்குதுன்னு. அதுக்காகப் போட்டாங்களாட்டம் இருக்குது" என்றார் சௌந்திரம் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. அவர் நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நானும் நம்பினேன். முதலாளி போண்டா வாங்கிவரச் சொன்னார். மற்ற ஊர்களில் இருக்கிற ஆயிரம் வாசகர்களைப் போல அவரும் அன்று இரவே உட்கார்ந்து முழுசாகப் படித்திருந்தால், புத்தகம் தொலைந்துபோனது என்று சொல்லியாவது தப்பித்திருப்பார். தான் வைத்த சட்டத்தை அவர் மீறவில்லை.

அந்த வாரத்தில் பொன்னாயி இன்னொரு சேதி கொண்டுவந்தார். வாழப்பாடிப் பக்கம் ஒரு பெண். கணவன் இறந்து ஆறு வருடம். அவர்களே மாதையனைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

"அவன் என்ன சொல்றானாம்?" என்றார் சாலம்மாள்.

"ஆத்தா ஒருக்கா வேண்டாம்னு சொல்லிருச்சு, அதத் தாண்டிப் போக மாட்டேங்கறான். நெம்பக் கெஞ்சி, ஆயுத பூசைக்கு வரையில இன்னொருக்காப் பூப் போட்டுப் பாத்துக்கலாம்னு ஒத்துக்க வெச்சிருக்கறேன். இந்தத் தடவ வெள்ளை வந்துருமா சௌந்திரம்?"

"வந்துருமுங்கக்கா" என்றார் சௌந்திரம். கண்ணி ஒன்று அவர் சாமணத்திலிருந்து தெறித்து ஓடியது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள்.

பதினொன்றாம் அத்தியாயத்தின் நடுவில் அவர் குரல் தேய்ந்தது. இளவரசி வெண்ணியை மணக்கத் தூர தேசத்து இளவரசன் ஒருவன் வந்து கோயிலில் நிற்கிறான். சௌந்திரம் அக்கா ஒரு வரியில் நின்றார். நான்கைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். "அப்பறம் அவ படகேறிப் போயிட்டா. அவ்வளவுதான்" என்று மூடிவிட்டார். "சின்ன அத்தியாயமா இருக்குது?" என்றார் சாலம்மாள். "ஆமாங்க."

மறுநாள் பன்னிரண்டாவதில் ஒரு படைத்தலைவன், 'தெய்வத்தையே ஏமாற்றியவள் அவள்' என்று இளவரசியைச் சொல்கிறான்.

"எந்தச் சாமிய ஏமாத்துனா?" என்றார் சாலம்மாள். "அது எப்ப நடந்துச்சு?"

"நேத்து நாலஞ்சு பக்கத்த அக்கா தள்ளிப்போட்டாங்க" என்றாள் தீபிகா. "நான் பாத்தேன்."

"அய்யோ, அந்த எளவரசன் வந்த எடமா?" சாலம்மாள் வாய்க்குள் சிரித்தார். "கல்யாணமாகாத புள்ள. வாசிக்கக் கூச்சப்பட்டுப்போட்டு மறச்சிருக்குது. கொண்டா அந்தப் புஸ்தகத்த."

"ஒன்னுமில்லீங்க. நல்லா இருக்காது. வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு ஆசை ஏறியது. பொன்னாயிதான் பலமாகச் சொன்னார்: "நாங்க என்ன பாக்காததா? தீபிகா, நீ எடுத்து வாசி கண்ணு." தீபிகா புத்தகத்தைப் பிடுங்கினாள். சௌந்திரம் அக்கா இழுத்துப் பிடிக்கவில்லை. பிடித்தால் இன்னும் கேட்பார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தீபிகா நாடகம் போல வாசித்தாள். இளவரசி இரண்டு தாமரை இலைப் பொட்டலங்களிலும் சிவந்த மலரையே வைத்துக் கட்டுகிறாள். பூசாரிகள் கண்ணை மூடி மந்திரம் சொல்கிறார்கள். மந்த புத்திக்கார இளவரசன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். பட்டறை சிரித்தது. "கெட்டிக்காரி" என்றார் சாலம்மாள். பொன்னாயி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தச் சாமி பாரு, ஒன்னுந் தெரியாம கம்முனு ஒக்காந்துருக்குது" என்றார்.

பொட்டலத்தை எடுத்த குழந்தை, சிவப்பு மலரைக் கண்டு, தின்பண்டம் இல்லையே என்று அழுகிறது. இளவரசன் தன் அங்கியிலிருந்து முத்துப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து அதன் கையில் கொடுக்கிறான். அவனுடைய அசட்டுத்தனத்தைப் பார்த்து இளவரசி முந்தானைக்குள் சிரிக்கிறாள்.

பொன்னாயியின் சாமணம் நின்றது.

"அதத் திருப்பிப் படி கண்ணு."

தீபிகா மறுபடியும் வாசித்தாள், இந்த முறை நாடகம் இல்லாமல்.

"முன்னால ஒரு பக்கத்துல பேரு போட்டிருந்துச்சே. பொக்கிசம் குடுத்ததுன்னு." பொன்னாயி தீபிகாவைப் பார்க்கவில்லை. "ஏஞ் சௌந்திரம், எம்பட புள்ள முன்னால ரெண்டையும் செவப்பாவா கட்டி வெச்ச?"

"பரீச்ச இருந்துச்சுங்கக்கா" என்றார் சௌந்திரம்.

"பரீச்ச."

"ஆமாங்க."

"எந்தம்பி பதினாறு வருசமா அந்தக் கோயில் வாசல்ல காலு வெக்கறதில்ல. என்ன தப்புப் பண்ணுனேன், என்ன தப்புப் பண்ணுனேன்னு எங்கிட்டக் கேக்கறான். நானும் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் போயி, எங்கள மன்னிச்சுருன்னு அழுகறேன். நீ எந்தட்டுல இருந்து கொலுசு வாங்கிக்கிட்டு, கத படிச்சுக்கிட்டு பக்கத்துலயே ஒக்காந்திருக்கற." குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து சேலையை உதறினார். மடியிலிருந்த கண்ணிகள் பாயெல்லாம் சிதறின. அவற்றைப் பொறுக்காமல் பொன்னாயி பட்டறையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. திரும்ப வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்த அத்தியாயத்தை நான் ஒருமுறை முழுக்கப் படித்தேன். கடிதத்தில் இருந்த ஒரு பத்தி அதில் இல்லை.

சௌந்திரம் அக்கா எழுத்தாளருக்கு ஒரு வரி அனுப்பச் சொன்னார்: 'ஏன் என் பெயரைப் போட்டீர்கள்?' உடனே பதில் வந்தது. உங்களைக் கௌரவிக்கத்தான் போட்டேன், மகிழ்வீர்கள் என்று நினைத்தேன், வாசகர்கள் எல்லோருக்கும் பிடித்திருப்பது அந்த அத்தியாயம்தான் என்று. கீழே கும்பிடுகிற இரண்டு கைகள். அவர் படித்துவிட்டு அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு ரிக் லாரிகள் ஊர் திரும்பின. எல்லா லாரிகளுக்கும் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். மாதையன் வந்தார், வாழப்பாடிப் பேச்சைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று சாலம்மாள் வந்து சொன்னார்.

"இப்பத்தான் சாமி ஒன்னுஞ் சொல்லலன்னு தெரிஞ்சு போச்சே. அப்பறம் அவருக்கு என்ன கேடு?" என்றாள் தீபிகா.

"பொன்னாயியும் அதத்தான் கேட்டிருக்கறா. அதுக்கு அவன், 'சாமி வேண்டாம்னுச்சு, சரின்னு இருந்துட்டேன். ஒரு புள்ள, சாமியவே ஏமாத்தற அளவுக்கு என்னைய வேண்டாம்னு இருந்திருக்குது. இனி எவ மொகத்தப் போயிப் பாக்கறது'ன்னானாம்." சாலம்மாள் தீயைத் தணித்தார். "வாழப்பாடிக்காரங்ககிட்ட என்ன சொல்றது? பூப் போட்டுப் பாத்தோம், செவப்பு வந்துருச்சுன்னு பொன்னாயி சொல்லியனுப்பிச்சுட்டா."

சௌந்திரம் அக்கா குனிந்து கோர்த்துக்கொண்டே இருந்தார். பொன்னாயி இருந்த இடம் அவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

பூஜை முடிந்து நான்காம் நாள், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் ஒருவர் வந்து நின்றார். உயரமான ஆள். புருவத்தில்கூட நரை. "எங்கக்கா பொன்னாயி சாமானம் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று என்னிடம் சொன்னார். உட்காரும் மணை, கண்ணாடிக் கூடு, தண்ணீர்ப் புட்டி. நான் எடுக்கப் போனேன். அதற்குள் சௌந்திரம் அக்கா எழுந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனார். இரண்டு பேரும் பதினாறு வருடத்துக்குப் பிறகு எதிரெதிரில் நின்றார்கள். பாயில் இருந்தவர்கள் கோர்ப்பதைப் போல நடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு லாரி கெளம்புதுங்க. ஒடிசா" என்றார் மாதையன்.

"செரிங்க."

"தனப்பிரியா அந்தப் புஸ்தகத்த வாங்கியாந்து வாசிச்சுக் காட்டுச்சு. அதுல எழுதியிருக்கறாப்பலதான் நான் நின்னனுங்களா? வாயப் பொளந்துக்கிட்டு?"

"இல்லீங்க. அது அவங்களா எழுதுனது."

"நின்னாலும் நின்னிருப்பேன். எனக்கு நாபகமில்ல."

அவர் பையை வாங்கிக்கொண்டார். திரும்பப் போனவரைச் சௌந்திரம் அக்கா, "ஏனுங்க" என்று நிறுத்தினார்.

"நீங்க அந்தப் புள்ளைக்குப் பொத்தான் பிச்சுக் குடுத்தீங்கல்ல. அதப் பாத்தப்பவே எனக்கு மனசு மாறிருச்சுங்க. இந்த மனுசனக் கட்டிக்கலாம்னு இருந்துச்சு. இன்னொரு பொட்டலம் தட்டுலயேதான் கெடந்துச்சு. அதையும் பிரிங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாம் வெட்ட வெளிச்சமாயிருக்கும். பயந்துக்கிட்டுச் சொல்லல. எங்க சித்தப்பா அதக் கொண்டுபோயிக் கெணத்துல போடறதப் பாத்துக்கிட்டே நின்னேன். அதையும் எழுதித்தான் அனுப்புனேனுங்க. அவங்க அத மட்டும் போடல."

விட்டுப்போன பத்தி அதுதான். என் கையால் தட்டச்சு செய்தது.

மாதையன் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தார். தெருவில் ஒரு வண்டி போகிறவரை காத்திருந்தார்.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க" என்றார். "நான் மந்த புத்திக்காரன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பேன்."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சௌந்திரம் அக்கா வாசலிலேயே நின்றார். உள்ளே தீபிகா அலைபேசியில் பாட்டுப் போட்டு, உடனே நிறுத்தினாள். கடைசியில் சாலம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"வெய்யில்ல நிக்காத சாமி. வந்து ஒக்காந்து வேலையப் பாரு."

அவர் வந்து உட்கார்ந்தார்.